அச்செழுத்தின் இரு வடிவங்கள்: ஆண்டறியா அச்சேடுகளின் காலக் கணிப்பு

முன்னுரை

கண்டரமாணிக்கம், கோட்டையூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களின் பழைய வீடுகளில் பேணப்பெறும் அச்சேடுகளுள், அழைப்பிதழ், வாழ்த்துமடல், குடமுழுக்கு மலர் போன்றவை முறையான பதிப்புக் குறிப்பு இன்றியும் அமைவதுண்டு. தலைப்பேடு இழந்த நூலுக்கும் இந்நிலையே. இத்தகையவற்றின் காலத்தை உய்த்துணர அச்செழுத்தின் வடிவம் ஓர் அகச்சான்றாகும். அச்சான்றின் இயல்பையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வடிவ வேறுபாடு

தமிழக அரசு 1978 அக்டோபரில் பிறப்பித்த ஆணை 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அவை ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை என்பன. பழைய வடிவில் முதல் மூன்றும் துணைக்கால் பெறுவதில்லை. எழுத்தின் இறுதிக் கோடே கீழிறங்கிச் சுழியும். இறுதி நான்கும் இணைக்கொம்பு பெறாமல், யானையின் துதிக்கை போன்ற வளைவைத் தலையில் தாங்கும். ஒகர, ஓகார எழுத்துகள் ஆறும் கொம்புடன் ஆகாரச் சுழி வடிவையே கொள்வன. எனவே மாறியவை 13 எழுத்துகளாயினும், அவற்றுக்கு அடிப்படையான தனிவடிவங்கள் ஏழே. காலம் கணிப்போர் இவ்வேழையும் நோக்கினாலே போதும்.

காலக் கணிப்பின் எல்லை

பழைய வடிவம் 1978க்கு முற்பட்டது, புதிய வடிவம் அதற்குப் பிற்பட்டது எனக் கொள்வது பிழையாகும். பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த வடிவங்களைக் கையாண்டார். மேலும், ஐ, ஔ ஆகியவற்றை அய், அவ் என எழுதும் அவரது முறையை அரசாணை ஏற்கவில்லை. ஆதலின் புதிய லையும் 'அய்' வழக்கும் ஒருங்கே வரும் ஏட்டைச் சுயமரியாதை இயக்கச் சார்புடையதாகக் கருத இடமுண்டு. அதனை 1978க்குப் பிற்பட்டதெனத் துணிய இயலாது.

மறுதலையாக, ஈய எழுத்துகளை வைத்திருந்த அச்சகம், ஆணை வந்த அன்றே அவற்றைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. கையிருப்பு தேயும்வரை பழைய வடிவம் நீடித்திருக்கலாம். ஒரே பக்கத்தில் இரு வடிவமும் கலந்து வரலாம். ஆகவே வடிவம் காலத்தை உறுதிசெய்வதன்று. தாள், மொழிநடை, குறிப்பிடப்பெறும் நிகழ்ச்சி ஆகிய பிற சான்றுகளோடு சேர்த்து எண்ணத்தக்கது.

கணினியாக்கமும் சான்றிழப்பும்

ஒருங்குறி முறையில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றே. லகர மெய்யேறிய எழுத்தும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்துப் பதியப்பெறும். அவை எவ்வடிவில் தோன்றும் என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. ஆதலால் 1930இல் அச்சான நூலைத் தட்டச்சு செய்தால் அது புதிய வடிவில் தோன்றும். இன்று எழுதப்பெறும் கட்டுரையும் எழுத்துருவை மாற்றினால் பழைய வடிவில் தோன்றும். இம்முறை தேடலுக்கு நன்மை பயப்பது: ஒரு சொல்லை இருமுறை தேட வேண்டியதில்லை. ஆனால் வடிவச் சான்று முற்றிலும் அழிகிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கியது. அத்தொகுப்பு இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. அங்கு நுண்படமாக்கப்பெறும் பக்கம் எழுத்தின் வடிவையும் காக்கிறது. தட்டச்சு செய்த பனுவல் சொல்லை மட்டுமே காக்கிறது.

முடிவுரை

வீட்டுத் தொகுப்புகளைக் கணினியேற்றம் செய்வோர், பக்கப் படத்தைப் பேணுவதோடு விவரணையில் மூன்று செய்திகளைப் பதிதல் வேண்டும்: ஏழு தனிவடிவங்களும் பழையனவா, புதியனவா, இரண்டும் கலந்துள்ளனவா, ஐகாரம் 'அய்' என எழுதப்பெற்றுள்ளதா. மூல ஏடு சிதைந்த பின்னர் இச்செய்திகளைத் தட்டச்சுப் பனுவலிலிருந்து மீட்க வழியில்லை.