கலந்து எண்ணிய காலம்

2024 ஜூலை 4, வியாழக்கிழமை இரவு 10 மணிக்கு பிரிட்டனில் வாக்குப்பதிவு முடிந்தது. பென்சிலால் குறியிட்ட தாள்களை மேஜைகளில் கொட்டி விடிய விடிய எண்ணினார்கள். மறுநாளே ரிஷி சுனக் விலகி, கீர் ஸ்டார்மர் பிரதமரானார். ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்ற செய்தி தமிழர்களின் கைப்பேசிகளில் சுற்றிவந்த அந்த வாரத்தில், விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில் இடைத்தேர்தல் பிரசாரம் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே 10ஆம் தேதி வாக்குப்பதிவு, 13ஆம் தேதி எண்ணிக்கை. இடைத்தேர்தல் என்பதால் மூன்று நாள். அதற்குச் சற்று முன் நடந்த மக்களவைத் தேர்தலிலோ ஏப்ரல் 19 அன்று விழுப்புரம் தொகுதி போட்ட வாக்குகளை ஜூன் 4 அன்றுதான் எண்ணினார்கள். 46 நாள் இயந்திரங்கள் பூட்டிய அறையில் இருந்தன. கட்சிக்காரர்கள் முறைவைத்து வெளியே காவல் காத்தார்கள்.

இங்கும் ஒரு காலத்தில் எண்ணிக்கை என்றால் இராவேலைதான். 1984இல் டிசம்பர் 24 அன்று தமிழ்நாடு வாக்களித்தது. 31ஆம் தேதி ராஜீவ் காந்தி பிரதமராகப் பதவியேற்றேவிட்டார். தாளில் வாக்களித்த காலத்து இரவுகளில் வாக்குப்பெட்டியின் முத்திரையை உடைத்துத் தாள்களைக் கொட்டுவார்கள். கட்டுக்கட்டாகக் கட்டி, பல வாக்குச்சாவடிகளின் தாள்களை ஒன்றாகக் கலந்து, ஆயிரம் ஆயிரமாக மேஜைக்கு அனுப்புவார்கள். இரண்டு சின்னங்களுக்கு நடுவே விழுந்த முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, செல்லுமா செல்லாதா என்று ஏஜென்ட்டுகள் மல்லுக்கு நிற்பார்கள். வெளியே இருப்பவர்களுக்கு ஒலிபெருக்கியும் வானொலிச் செய்தியும்தான் கதி. தொலைக்காட்சி வந்தபின், முடிவுகளுக்கு நடுவே தூர்தர்ஷன் சினிமா போட்டது. அதற்காகவே விழித்திருந்த வீடுகளும் உண்டு.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரத்துக்கு மாறியது. செல்லாத வாக்கு என்ற சச்சரவு அநேகமாக ஒழிந்தது. காலை 8 மணிக்குத் தொடங்கினால் மதியத்துக்குள் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு ரவுண்டும் கையில் இருக்கும் திரைக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் தாள் விழுப்புரம் மாவட்டத்தை முற்றாக விட்டுப் போகவில்லை. 2021 அக்டோபரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள் என்று தாள்கள் நிறம் பிரித்து எண்ணப்பட்டன.

எண்ணும் முறைதான் இத்தனை மாறியது. வெல்லும் முறை அப்படியே இருக்கிறது. அதிக வாக்கு பெற்றவர் வெற்றி, மற்றவர்களின் வாக்குக்குக் கணக்கு இல்லை என்ற விதி பிரிட்டனிடமிருந்து வந்தது. 1952இல் இந்தப் பகுதியின் திண்டிவனம் மக்களவைத் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். இரண்டு இடங்களையும் ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி எடுத்தது. அக்கட்சியின் பலம் தென்னாற்காட்டைச் சுற்றி ஒரே வட்டாரத்தில் திரண்டிருந்ததால், சென்னை மாநிலச் சட்டமன்றத்திலும் 19 இடங்கள் கிடைத்தன. இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961 சட்டத்தோடு ஒழிந்தன. திண்டிவனம் மக்களவைத் தொகுதியே 2009 தேர்தலுக்கு முன் மறைந்து, விழுப்புரம் தனித்தொகுதி வந்தது. அதிக வாக்கு பெற்றவருக்கே வெற்றி என்ற விதி மட்டும் அசையவில்லை.

அந்த விதியின் கூர்மையைத் திண்டிவனம் அளவுக்கு அனுபவித்த ஊர்கள் குறைவு. 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே தி.மு.க. வேட்பாளர் அ.தி.மு.க.வை 101 வாக்கில் வென்றார். பலமுனைப் போட்டி, வென்றவருக்கு விழுந்தது பதிவான வாக்குகளில் பாதிக்கும் வெகு கீழே. விழுப்புரம் மக்களவைத் தொகுதியின் முதல் தேர்தலில், 2009இல், வித்தியாசம் 2,797. 2024இல் வி.சி.க.வின் ரவிக்குமார் 4,77,033 வாக்குகள் பெற்று 70,703 வித்தியாசத்தில் வென்றார். இரண்டாவதாக வந்த அ.தி.மு.க.வின் வாக்கையும் மூன்றாவதாக வந்த பா.ம.க.வின் வாக்கையும் கூட்டினால் அவர் பெற்றதைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் அதிகம்.

பிரிட்டனில் அந்த இரவு முடிந்ததும் எழுந்த முணுமுணுப்பும் இதுதான். தொழிற்கட்சிக்கு 33.7 விழுக்காடு வாக்கு, 650இல் 411 இடம். ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 விழுக்காடு, ஐந்தே இடம். அதைவிடக் குறைவாக 12.2 விழுக்காடு பெற்ற லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72. இது அநியாயம் என்று கொதித்தவர்கள் தமிழ்நாட்டின் கணக்கைப் பார்த்திருந்தால் அமைதியாகியிருப்பார்கள். ஒரு மாதம் முன்புதான் அ.தி.மு.க. இங்கே 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி ஓர் இடமும் இல்லாமல் நின்றது.

பிரிட்டன் 2011இல் முறையை மாற்றலாமா என்று மக்களையே கேட்டது, 67.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று இடதுசாரிகள் தேர்தல் அறிக்கைதோறும் எழுதுகிறார்கள், அவ்வளவே. நம் கட்சிகள் வேறு வழி கண்டுபிடித்தன. திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்த ராமதாஸ் தொடங்கிய பா.ம.க. 1989 மக்களவைத் தேர்தலில் தனித்து நின்று ஏறத்தாழ 6 விழுக்காடு பெற்றது, இடம் ஒன்றுமில்லை. 1998இல் கூட்டணியில் நின்றது. வாக்கு அதே ஏறத்தாழ 6, இடம் நான்கு. சட்டம் கொடுக்காத விகிதாச்சாரத்தைத் தொகுதிப் பங்கீட்டு மேஜை கொடுத்தது. அந்த மேஜையில் வாக்காளருக்கு நாற்காலி இல்லை என்பது வேறு விஷயம்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது, பலரும் கவனிக்காமலே போய்விட்ட ஓர் இழப்பு: தாள்களைக் கலக்கும் அந்த வேலை. கலந்தபின் எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு வாக்குச்சாவடியின் கணக்கும் தனியே வெளிவருகிறது. ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில், வாக்குச்சாவடிக் கணக்கு என்பது கிட்டத்தட்டத் தெருக் கணக்கு. வென்றவருக்கும் தோற்றவருக்கும் அந்தத் தெரு எப்படிப் போட்டது என்று தெரியும். சாலையும் குடிநீர்க் குழாயும் எந்தப் பக்கம் முதலில் வரும் என்பதை அது தீர்மானிக்காது என்று எந்த ஊர்க்காரரும் நம்பமாட்டார். தனி மனிதரின் ரகசியம் காக்கப்பட்டது. தெருவின் ரகசியம் போனது.

பிரிட்டன் இதை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வாக்குச்சாவடியின் தாள்களை இன்னொன்றின் தாள்களோடு கலக்காமல் எண்ணக் கூடாது என்பது அங்கே இன்றும் விதி. இங்கும் வழியில்லாமல் இல்லை. பல இயந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஒப்பவில்லை. அதனால் 2024 ஜூலை 13 அன்று பனையபுரம் பள்ளியில் விக்கிரவாண்டி வாக்குகளை எண்ணியபோதும், ஒவ்வொரு வாக்குச்சாவடியின் கணக்கும் தனித்தனியாகவே வந்தது.