கம்பியா, களஞ்சியமா? (தொடர் – 9)

டயல்-அப் காலத்து மோடம் கீச்சிட்டு, இரைந்து, சட்டென்று அடங்குமே, அந்த மௌனத்தில்தான் இந்த வாரக் கதை நடக்கிறது. தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில் இருக்கும் நுழைவு சர்வர் "யார் நீ?" என்று கேட்கும். நம் கணினி பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இரண்டு முறைகளை 1992 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 1334 என்ற இணைய நெறி ஆவணம் வகுத்துத் தந்தது.

ஒன்று 'பாப்'. பாஸ்வேர்டை அப்படியே அனுப்பிவிடும். கம்பியில் காது வைத்தவனுக்கு எல்லாம் கேட்கும். மற்றது 'சாப்'. சர்வர் ஒவ்வொரு முறையும் புதிய எண் ஒன்றை அனுப்பும். நம் கணினி அதையும் பாஸ்வேர்டையும் எம்.டி.5 என்ற கணக்கில் போட்டு அரைத்து, கிடைத்த 16 பைட் மாவை மட்டும் திருப்பி அனுப்பும். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. பாஸ்வேர்டு கம்பியில் ஏறவே இல்லை.

அப்படியானால் சாப்தானே நல்லது? இதற்கு நான் உடன்பட மாட்டேன். காரணம், சர்வர் பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் களஞ்சியத்தில் இருக்கிறது.

ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் யூனிக்ஸ் பாஸ்வேர்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பாஸ்வேர்டைச் சேமிக்காதே, அரைத்த மாவைச் சேமி என்பது அவர்கள் வழி. டி.இ.எஸ். என்ற மறையாக்கக் கணக்கை 25 முறை ஓட்டி அரைத்தார்கள். கூடவே 12 பிட் 'உப்பு', அதாவது ஒரு தற்செயல் எண், சேர்த்தார்கள். ஒரே பாஸ்வேர்டு 4,096 விதமான மாவாகலாம். கோப்பு திருடு போனாலும் திருடன் ஒவ்வொன்றாக ஊகித்துத்தான் பார்க்க வேண்டும்.

சாப் இந்த ஏற்பாட்டையே குலைக்கிறது. வந்த மாவு சரியா என்று பார்க்க, சர்வரும் அதே எண்ணோடு அதே அரிசியை அரைக்க வேண்டும். ஆகவே எல்லோருடைய பாஸ்வேர்டும் அங்கே மூலவடிவில் கிடைத்தாக வேண்டும். 1996இல் வந்த ஆர்.எஃப்.சி. 1994 இதை ஒளிக்காமல் சொல்கிறது.

நுழைவு சர்வருக்காக இந்தக் களஞ்சியத்தைப் பார்த்துப் பயனரைச் சரிபார்க்கும் ஏற்பாடு ஒன்றை மிச்சிகனின் மெரிட் நெட்வொர்க் 1991இல் கேட்டதற்கு, கலிஃபோர்னியாவின் லிவிங்ஸ்டன் நிறுவனம் உருவாக்கித் தந்தது 'ரேடியஸ்'. அதன் பயனர் கோப்பு சாதாரண உரைக் கோப்பு. பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் 'யூனிக்ஸ்' என்று எழுதினால், இயங்குதளத்தின் அரைத்த கோப்பில் ஒப்பிட்டுக்கொள்ளும். ஆனால் சாப் வழியாக வருபவருக்கு அந்த வசதி கிடையாது.

கம்பியை ஒட்டுக்கேட்பவனிடம் அந்தக் கம்பியில் வருபவரின் பாஸ்வேர்டு சிக்கும். களஞ்சியத்தை உடைப்பவனிடம் ஊரே சிக்கும். அதனால் தொலைபேசி இணைப்புக்கு, அரைத்த கோப்போடு பாப் வைத்தவர்களே சரியாக யோசித்தவர்கள் என்பேன்.

மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.-சாப் அரைத்ததையே சேமித்தது. ஆனால் உப்பில்லை, அந்த மாவைத் திருடியவன் பாஸ்வேர்டு தெரியாமலே உள்ளே வந்துவிடலாம்.

பிறகு வந்த தீர்வு சுரங்கம். முதலில் டி.எல்.எஸ். மறைவழி ஒன்றைக் கட்டி, அதற்குள் பழைய பாப்பையே ஓடவிடுவது. இதனால் கம்பியும் காக்கப்படும், களஞ்சியத்திலும் மாவு மட்டும் இருக்கலாம். பல்கலைக்கழகங்களை இணைக்கும் எடுரோம் வைஃபையில் இன்றும் இது புழங்குகிறது. ஆனால் சில பழைய போன்களில் வைஃபை அமைக்கும்போது வரும் 'சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்' என்ற தேர்வைத் தொட்டுவிட்டால், சுரங்கத்தின் மறுமுனையில் நிற்பது யார் என்று போனுக்குத் தெரியாது. பாஸ்வேர்டோ பச்சையாகப் போய்க்கொண்டிருக்கும். அந்தச் சான்றிதழை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.