சாம்பிராணிக் கருவிக்கு எந்த பாட்டரி?

கரி மூட்ட வசதியில்லாத நம் அடுக்குமாடி வீடுகளுக்கு, பாட்டரியில் சூடாகும் சிறு சாம்பிராணிக் கருவி ஒரு வரப்பிரசாதம். ஆனால் பாட்டரி தளர்ந்ததும், "எது மலிவு சார்?" என்றுதான் அன்பர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள்.

2022 செப்டம்பர் 12 இரவை மறக்கலாமா? செகந்திராபாத் ரூபி ஓட்டல் கட்டடத்தில், கீழே இருந்த மின்சார ஸ்கூட்டர் விற்பனை நிலையத்தில் பிடித்த தீயின் புகை மாடியேறி 8 உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் சென்னைக்காரர்களும் உண்டு. இன்றைய மின்சார ஸ்கூட்டரிலும் நம் கைக்கருவியிலும் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயன் பாட்டரிதான், அளவுதான் வேறு.

கழற்றி மாற்றும் வசதியுள்ள கருவிகள் பலவற்றில் இருப்பது '18650' செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். கோட்டி குஜராத்தி கல்லியில் வாங்கினாலும் சரி, வேறெங்கு வாங்கினாலும் சரி, '9900 எம்.ஏ.எச்.' என்று அச்சிட்டிருந்தால் அது போலி. நல்ல செல் பொதுவாக 2000 முதல் 3500 வரைதான். சூடேற்றும் கருவி மின்சாரத்தை வேகமாக இழுக்கும்; ஆகவே கையேட்டில் சொன்ன ஆம்பியரைத் தாங்கும் செல்லாக, பி.ஐ.எஸ். முத்திரை பார்த்து வாங்குங்கள். இரண்டு செல் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். உப்பியதும் மேலுறை கிழிந்ததும் வேண்டவே வேண்டாம்.

சாம்பிராணி உருகி மணக்க வேண்டும், கருகக் கூடாது. சிட்டிகையளவு போட்டு, குறைந்த சூட்டில் வையுங்கள். தட்டில் ஒட்டிய பழைய கசடை ஆறியபின் துடைத்துவிடுங்கள். சார்ஜ் ஏற்றுவது, வீட்டில் யாராவது விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே இருக்கட்டும்.