தூண்டில்காரர்கள் எழுதிவைத்த காவிரிக் கணக்கு

ஓர் ஆற்றில் மீன் பெருகுகிறதா, குறைகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரை ஒட்டிய ஆறு என்றால் கரையில் நின்று, மீன் பிடித்துத் திரும்புகிறவர்களிடம் கேட்டுவிடலாம். கர்நாடகத்தில் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அது நடக்காது. யானைகள் உலவும் காடு அது. பாறையும் சுழலுமான ஆற்றில் வலை வீசி எண்ணுவதும் சிரமம்.

அங்கே கலிபோரே என்ற இடத்தில் ஒரு மீன்பிடி முகாம் இருந்தது. மஹ்சீர் என்ற பிரம்மாண்டமான கெண்டை இன மீனுக்குத் தூண்டில் போட வெளிநாடுகளிலிருந்தும் வந்தார்கள். ராகி மாவு உருண்டைதான் இரை. சிக்கிய மீனை எடைபோட்டு, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன், என்ன எடை என்பதெல்லாம் முகாமில் பதிவானது. இதில் அந்த மணிக்கணக்குதான் முக்கியம். பத்து மீன் சிக்கியது என்றால், தூண்டில் போட்டது இரண்டு பேரா, இருபது பேரா என்று தெரிய வேண்டாமா?

1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம், 6,161 மஹ்சீர்கள். அரை கிலோக் குட்டியும் உண்டு, 46 கிலோவைத் தாண்டியதும் உண்டு. ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் இந்தப் பதிவுகளை அலசி 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு அதிக மீன் சிக்கியிருந்தது. சராசரி எடையோ குறைந்துகொண்டே வந்தது.

மீன் பெருகுகிறது என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால், எந்த மீன்? பெருகியது நீலத்துடுப்பு மஹ்சீர். அது காவிரிக்கு வந்தேறி. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் குஞ்சு பொரித்து, 'ஆற்றை வளப்படுத்துகிறோம்' என்று நல்லெண்ணத்தோடு விடப்பட்ட இனம். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் அபூர்வமாகிக்கொண்டே போனது. சிக்கிய ஒன்றிரண்டும் பெரியவை. குட்டிகளைக் காணவில்லை. கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் மாதிரி!

சரணாலயங்களில் தூண்டில் போடத் தடை வந்து, 2012-ல் முகாமின் மீன்பிடிப்பு நின்றது. தடைக்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால், தூண்டிலோடு சேர்ந்து அந்தக் கணக்கும் நின்றுபோனது.

திமில் மஹ்சீரின் அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான்: 'டோர் ரெமாதேவி'. 2007-ல் கேரளத்தின் பாம்பாற்றில் கண்டு பெயரிட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று அப்போதுதான் தெரிந்தது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் சிவப்புப் பட்டியலிலும் அது சேர்ந்தது. இன்று அது எஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று, நீலகிரி அடிவாரத்தில் ஓடும் மோயாறு. அதுவும் மனிதர்கள் எளிதில் நெருங்க முடியாத பள்ளத்தாக்குதான்.