முரசினுள் ஒரு விளக்கு

சேலம் மாநகரின் ஒரு பகுதி அம்மாபேட்டை. நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது அப்பகுதி. ஆடித் திங்களில் மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால், அங்குள்ள தெருக்களில் பறையும் பம்பையும் முழங்கும். முழக்கம் தொடங்குமுன் பறையடிப்போர் ஓரிடத்தில் வைக்கோலைக் கொளுத்துவர். அத்தீயின் அருகே பறையின் முகத்தைக் காட்டுவர். விரலால் தட்டிப் பார்ப்பர். ஒலி போதாதெனில் மீண்டும் காட்டுவர். ‘இசைக் கருவியை எதற்காகத் தீயில் காட்டுகின்றனர்?’ என்று சிறுவர் வியப்பர்.

காரணம் எளிது. பறையின் முகம் விலங்கின் தோலால் ஆனது. தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய தோல் தளரும். தளர்ந்த தோலின் ஒலி தாழ்ந்து மங்கும். வெப்பம் பட்டால் ஈரம் நீங்கித் தோல் இறுகும். ஒலி உயர்ந்து தெளிவுறும். வெப்பம் மிகுந்தால் தோல் வெடித்துவிடும். ஆகவே எவ்வளவு காட்டவேண்டும் என்பதைக் கையும் காதும் அறிந்திருத்தல் வேண்டும். பாவுக்குக் கஞ்சியிட்டுத் தெருவில் உலர்த்தும் நெசவாளர்க்கு ஈரத்தின் தொல்லையைப் பிறர் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. தூறல் விழுந்தால் அவர் தொழிலும் நிற்கும். பறையடிப்போர் தொழிலும் நிற்கும்.

இத்தொல்லை நம் நாட்டுக் கருவிகளுக்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டுப் படைகளின் வாத்தியக் குழுவில் இடம்பெற்று, பின்னர் நம் ஊர்வலங்களிலும் ‘பேண்டு வாத்தியம்’ என்னும் பெயரால் புகுந்த கருவிகளுள் பெரியது பேஸ் டிரம் எனப்படும் பெருமுரசு. பழைய பெருமுரசுகளின் முகங்களும் கன்றின் தோலால் ஆனவையே. அவற்றில் இன்று காண்போர்க்கு விளங்காத உறுப்புகள் பல உள்ளன.

1920-களில் அமெரிக்க நடன அரங்குகளில் முழங்கிய சில முரசுகளைத் திறந்து பார்ப்போர், உள்ளே மின்விளக்கு பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டு திகைப்பர். முரசின் முன்முகத்தில் மலை, ஏரி, நிலவு முதலிய ஓவியங்களைத் தீட்டுவது அக்கால வழக்கம். உள்ளே விளக்கெரிந்தால் ஓவியம் ஒளிவிட்டுத் தோன்றும். எனினும் அவ்விளக்கு அழகுக்கு மட்டும் அமைந்ததன்று. அதன் வெம்மை முரசின் உள்ளிருக்கும் காற்றை உலர்த்தித் தோலைத் தளராமல் காத்தது. அரங்கினுள் வைக்கோலைக் கொளுத்த இயலுமா? அம்மாபேட்டைத் தெருவில் தீ செய்யும் பணியை அங்கு மின்விளக்கு செய்தது.

விளக்கு இல்லாத காலத்து முரசுகளில் வேறொரு வழி இருந்தது. அவற்றின் உடலைச் சுற்றிக் கயிறு மேலும் கீழுமாகக் கோக்கப்பட்டிருக்கும். இரண்டிரண்டு கயிறுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தோல் பட்டைகளும் இருக்கும். பட்டையைக் கீழே தள்ளினால் கயிறுகள் நெருங்கி முகம் இறுகும். மேலே தள்ளினால் தளரும். பிற்காலத்தில் கயிற்றுக்கு மாற்றாகத் திருகும் இரும்புக் கம்பிகள் வந்தன. தோல்வாரால் இறுக்கப்பட்டு வந்த நம் தவிலிலும் பின்னாளில் திருகாணிகள் இடம்பெற்றமை ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது.

முரசின் உடலில் சிறுதுளை ஒன்றும் காணப்படும். அது பழுதன்று. முகத்தில் அடி விழும்போது உள்ளே நெருக்குண்ட காற்று வெளியேறுவதற்காக இடப்பட்ட வழியே அது.

இனி, பெருமுரசின் விளிம்பில் காணப்படும் பிடிகளையும், அடியில் நீண்டிருக்கும் கூரிய இரும்பு முட்களையும் கருதுவோர் ஒரு வரலாற்றையே அறியலாம். படைக்குழுவில் பெருமுரசுக்கு ஒருவர், சிறுமுரசுக்கு ஒருவர், கைத்தாளத்துக்கு ஒருவர் என மூவர் இருப்பர். சிறிய நாடக அரங்குகளில் மூவர்க்கு இடமுமில்லை, ஊதியமுமில்லை. ஆதலின் ஒருவரே மூன்றையும் இயக்க வேண்டியதாயிற்று. காலால் மிதித்து முரசை அடிக்கும் கருவிகள் சில முன்னரே இருந்தன. 1909ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் வில்லியம் லட்விக் என்பவர், விரைந்த தாளத்துக்கு ஈடுகொடுக்கும் மிதிகருவியை அமைத்து, தம் உடன்பிறந்தாருடன் அதனை உருவாக்கி விற்கலானார். மிதிக்குந்தோறும் முரசு முன்னோக்கி நகரும். அதனைத் தடுக்கவே அடியில் முட்கள் பொருத்தப்பட்டன. விளிம்பிலிருந்த பிடியொன்றில் சிறு தாளத்தைத் தொங்கவிட்டு, அதே மிதியால் அதனையும் ஒலிக்கச் செய்தனர்.

மற்றப் பிடிகள் எதற்கு? ஊமைப்படக் காலத்தில் திரையில் குதிரை ஓடினால் அதன் குளம்பொலியையும், மணி அசைந்தால் அதன் ஓசையையும் அரங்கிலிருந்த முரசுக் கலைஞரே எழுப்புவார். மரக்கட்டையும் மணியும் பிறவும் அப்பிடிகளில் தொங்கும். 1927இல் அமெரிக்காவில் பேசும்படம் தோன்றியது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழும் திரையில் பேசலாயிற்று. படமே ஒலித்தபின் அக்கலைஞர்க்கு வேலை இல்லை. உலகெங்கும் பலர் பிழைப்பை இழந்தனர். பிடிகள் மட்டும் முரசின்மேல் எஞ்சின.

1957ஆம் ஆண்டளவில் ஈரம் உறிஞ்சாத பிளாஸ்டிக் முகங்கள் விற்பனைக்கு வந்தன. விளக்கும் தேவையற்றதாயிற்று. இன்று பழைய முரசைப் பெறுவோர் சிலர், உள்ளிருக்கும் விளக்கையும் விளிம்பிலுள்ள பிடியையும் வீண்பொருள் என்று கழற்றி எறிகின்றனர், துளையையும் அடைத்துவிடுகின்றனர். அவ்வாறு எறியப்படுவது இரும்புத் துண்டு மட்டுமன்று. ஈரத்தோடும் இடநெருக்கடியோடும் குறைந்த ஊதியத்தோடும் போராடிய ஒரு தொழிலாளியின் கதையும் அதனோடு போய்விடுகிறது. 

பழம்பொருளில் விளங்காத உறுப்பொன்றைக் காணின், ‘இது வீண்’ என்று முடிவு செய்தல் எளிது. ‘இது யாருடைய எந்த இடரைத் தீர்த்தது?’ என்று வினவுதலே அறிவுடைமை. அம்மாபேட்டைத் தெருவில் எரியும் வைக்கோல் தீயும் அவ்வினாவுக்கு ஒரு விடையே.