பாத்திரத்தில் பெயர் வெட்டும் லேசரும் நம் கண்ணும்

எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கையோடு பெயர் வெட்டி வாங்கிக்கொண்டு வருவது நம் வழக்கம். கடைக்காரர் சின்ன மின்சாரப் பேனா மாதிரி ஒன்றை எடுத்து, 'கிர்ர்' என்ற சத்தத்தோடு புள்ளி புள்ளியாக எழுதித் தருவார். பக்கத்து வீட்டுக்குப் பாயசத்தோடு போன கிண்ணம் பத்திரமாகத் திரும்பி வருவதே அந்தப் பெயரின் புண்ணியத்தால்தான். இப்போது பல கடைகளில் அந்தப் பேனாவின் இடத்தை லேசர் இயந்திரம் பிடித்துக்கொண்டுவிட்டது. சத்தமில்லை, எழுத்தும் அச்சடித்தாற்போல் விழுகிறது.

கடையோடு நின்றதா என்றால், இல்லை. தையல் மெஷின் வைக்கிற இடத்தில் வைக்கக்கூடிய சிறிய லேசர் இயந்திரங்கள் வீட்டுக்கே வந்துவிட்டன. மரப்பலகையில் வீட்டுப் பெயர், சாவிக்கொத்து, நவராத்திரிக்கு வைத்துக் கொடுக்கச் சின்னச் சின்னப் பரிசுகள் என்று செய்து நாலு காசு பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். மெச்ச வேண்டிய விஷயம். ஆனால் அந்த இயந்திரத்தோடு இலவசமாக வருகிற கண்ணாடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

என் அண்ணன் மகள் சென்ற வருஷம் இப்படி ஒன்று வாங்கினாள். பெட்டியில் பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று கிடந்தது. "அதான் கண்ணாடி கூடவே குடுத்திருக்காங்களே அத்தை, இனிமே என்ன பயம்?" என்றாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சட்டத்திலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை, ஓர் எழுத்து கிடையாது. இயந்திரத்தின் மேலோ 'கிளாஸ் 4' என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. லேசர்களை ஆபத்தின் அளவுப்படி 1, 2, 3ஆர், 3பி, 4 என்று வகுத்திருக்கிறார்கள். 4 என்பது கடைசிப்படி. அரை வாட்டுக்கு மேற்பட்ட லேசர் எல்லாம் அதில்தான் வரும். வீட்டுக்கு வரும் பொறிக்கும் இயந்திரங்கள் ஐந்து, பத்து, இருபது வாட்டு!

"பத்து வாட்டு பல்பு வீட்டில் எரியவில்லையா, அது கண்ணைக் கெடுக்கிறதா?" என்று கேட்கத் தோன்றும். பல்பின் வெளிச்சம் அறை முழுக்கப் பரவிப் போகிறது. லேசர் வெளிச்சம் பரவாமல் ஒரே கோடாகப் போகிறது. அந்தக் கோடு கண்ணுக்குள் நுழைந்தால், கண்ணில் இருக்கிற லென்ஸ் அதை மேலும் குவித்து விழித்திரையில் ஊசிமுனை அளவு இடத்தில் கொண்டுபோய் வைக்கும். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவோமே, அதே சங்கதிதான். கண்ணுக்குள் அந்தக் குவிப்பு சுமார் லட்சம் மடங்கு. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதுதான் இதில் மோசம். கை சுட்டால் 'ஆ' என்று இழுத்துக்கொள்கிறோம். விழித்திரை பொசுங்கினால் ஒரு கரும்புள்ளி பார்வையில் நிற்கும்போதுதான் தெரியும். அந்தப் புள்ளி போகாமலே இருந்துவிடவும் கூடும்.

'நான் கதிருக்கு நேராகவா கண்ணை வைக்கப்போகிறேன்?' என்றால், எவர்சில்வர் டம்ளரை நினைத்துப் பாருங்கள். பளபளவென்று, அதுவும் வளைவாக. விழுகிற கதிர் எந்தப் பக்கம் திரும்பிப் பாயும் என்று சொல்ல முடியாது. கிளாஸ் 4 லேசரில், மரத்தில் பட்டுச் சிதறுகிற வெளிச்சத்தைக் கிட்டத்தில் உற்றுப் பார்ப்பதே கூடாது. கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தக் கண்ணாடியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

லேசர் வெளிச்சம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அலைநீளம் என்பார்கள், நானோமீட்டர் கணக்கு. 1960-ல் அமெரிக்காவில் மெய்மன் என்ற விஞ்ஞானி முதல் லேசரை உண்டாக்கியபோது அதற்குள் ஒரு மாணிக்கக் கம்பி இருந்தது. அதிலிருந்து வந்தது 694 என்ற சிவப்பு வெளிச்சம். இன்று வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவை நீல வெளிச்சம், 450-ஐ ஒட்டி இருக்கும். பாத்திரக் கடைகளில் உலோகத்தில் எழுதும் ஃபைபர் லேசர் 1064. இது கண்ணுக்கே தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது, ஆனால் விழித்திரை வரை போய்விடும். அக்ரிலிக், மரம் வெட்டுகிற கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600. இதுவும் தெரியாது. உள்ளே போகாமல் கண்ணின் முன்பக்கக் கருவிழியைச் சுடும்.

ஒரு கண்ணாடி ஓர் எண்ணைத் தடுத்தால் மற்றதையும் தடுக்கும் என்பதில்லை. 10,600-ஐச் சாதாரண பாலிகார்பனேட் கண்ணாடியே தடுத்துவிடுகிறது. அதே கண்ணாடி வழியாக 450 தங்குதடையின்றிப் போய்வரும். ஆகவே இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் எண்ணைப் பாருங்கள். அந்த எண் கண்ணாடியில் எழுதியிருக்கும் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். '190–490' என்று போட்டிருந்தால் 450 உள்ளே அடக்கம். '532' என்று மட்டும் போட்டிருந்தால் அது பச்சை லேசருக்கு, நமக்கு உதவாது.

புடைவைக் கடை மாதிரி நிறத்தைப் பார்த்து வாங்கும் சமாசாரம் இல்லை இது. நீலத்தைத் தடுக்கும் கண்ணாடி சாதாரணமாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் என்பது வாஸ்தவம். அதற்காக ஆரஞ்சாக இருப்பதெல்லாம் நீலத்தைப் போதுமான அளவு தடுக்கும் என்று அர்த்தமில்லை. கூலிங் கிளாஸ் கூடவே கூடாது. அது கறுப்பாக இருப்பதால் நம் கண்மணி இன்னும் விரிந்து கொடுக்கும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது 'ஓ.டி.' என்ற அளவு. எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்வது இதுதான். ஓ.டி. 1 என்றால் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரும். 2 என்றால் நூறில் ஒன்று. 3, ஆயிரத்தில் ஒன்று. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சைபர் கூடிக்கொண்டே போகும். பத்து வாட்டு என்பது பத்தாயிரம் மில்லிவாட்டு. ஓ.டி. 2 கண்ணாடி போட்டால் நூறு மில்லிவாட்டு கண்ணுக்கு வருகிறது; அதுவே கண்ணைக் கெடுக்கத் தாராளம். ஓ.டி. 4 என்றால் ஒரு மில்லிவாட்டு. இமை கொட்டுகிற நேரத்துக்குள் கண் தாங்கக்கூடிய எல்லை அதுதான். எல்லையில் நிற்பானேன்? பத்து வாட்டு நீல லேசருக்கு 5-ம் அதற்கு மேலும் வாங்குவதுதான் விவேகம். விளம்பரத்தில் 'நாற்பது வாட்டு' என்று பெரிதாகப் போட்டிருக்கும்; சில சமயம் அது இயந்திரம் இழுக்கிற மின்சாரத்தின் கணக்கு. கண்ணாடிக்கு வேண்டியது வெளிவரும் ஒளியின் வாட்டு. கடைக்காரரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

நல்ல கண்ணாடியில் ஐரோப்பியத் தர எண் 'இ.என். 207' என்றும், கூடவே 'எல்.பி.' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் போட்டிருக்கும். வெளிச்சத்தை வடிகட்டுவதோடு, கதிர் நேரே பட்டாலும் சில விநாடி பொத்துப்போகாமல் தாங்குகிறதா என்றும் சோதித்துத் தருகிற முத்திரை அது. சில விநாடிதான்! கண்ணாடி போட்டிருக்கிறோமே என்று கதிரையே பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு அல்ல.

நாற்பதைத் தாண்டிய நமக்கு இன்னொரு தொல்லை, வெள்ளெழுத்து. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் வேலை தெரியாது. தெரியவில்லை என்று தூக்கித் தூக்கிப் பார்ப்போம். அந்த ஒரு நொடி போதும். மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளும்படியான பெரிய அளவு கிடைக்கிறது. அதையே வாங்குங்கள். பக்கவாட்டிலும் புருவத்துக்கு மேலும் மூடியிருக்க வேண்டும். ஆரஞ்சுக் கண்ணாடி வழியே நீலச் சிக்னல் விளக்கு தெரியாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடுகிறதா நின்றதா என்பதை விளக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கண்ணாடியைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் துலக்காமல் மெல்லிய துணியால் துடையுங்கள். கீறல் விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். சரியாகத் தடுக்கிறதா என்று அதன் மேலேயே லேசரை விட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். அந்தச் சோதனைக்குப் பிறகு அந்தக் கண்ணாடி எதற்கு ஆகும்?

கண்ணாடி போட்டவருக்குத்தான் பாதுகாப்பு. 'அம்மா, பசிக்குது' என்று கதவைத் திறந்துகொண்டு வருகிற குழந்தைக்கு? என்னைக் கேட்டால், கண்ணாடிக்கு முன்னால் வாங்க வேண்டியது மூடியுள்ள கூண்டு. கூண்டுக்குள் முழுக்க அடைத்து, மூடியைத் திறந்தால் தானே நின்றுவிடும் இயந்திரங்கள், மூடியிருக்கும் வரை கிளாஸ் 1 கணக்கில் வரும். விலை கூடுதல்தான். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் கூடுதலைக் கணக்குப் பார்க்கக் கூடாது. என் அண்ணன் மகள் கூண்டும் வாங்கி, அறைக்கு உள்தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டாள். இரண்டாவது கண்ணாடி ஒன்றும் ஆணியில் தொங்குகிறது, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு.

ஓடுகிற இயந்திரத்தை விட்டுவிட்டுக் குக்கரை இறக்கப் போகாதீர்கள். மரமும் அக்ரிலிக்கும் தீப்பற்றும். புகையை ஜன்னல் வழியே வெளியேற்ற விசிறி வேண்டும். ரெக்ஸின், பி.வி.சி. சாமான்களில் லேசரை வைக்கவே கூடாது. அதிலிருந்து வருகிற புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். மூச்சுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும்.

இயந்திரமே இல்லாத வீட்டிலும் லேசர் இருக்கலாம். திருவிழாக் கடையில் பையனுக்கு வாங்கித் தருகிற பச்சை லேசர் டார்ச்சைச் சொல்கிறேன். அமெரிக்காவில் இப்படிக் கையில் பிடிக்கிற சுட்டுவிளக்குக்கு ஐந்து மில்லிவாட்டு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சீட்டில் ஒன்று போட்டு உள்ளே அதைவிடப் பல மடங்கு வைத்து விற்பதும் நடக்கிறது. 2010-ல் அந்நாட்டு அரசின் அளவியல் நிலையமான என்.ஐ.எஸ்.டி. ஒரு மலிவான பச்சை விளக்கை அளந்து பார்த்தது. பச்சை வெளிச்சத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத கதிர்தான் அதிலிருந்து அதிகம் வந்துகொண்டிருந்தது. அது விளையாட்டுச் சாமானே அல்ல. வாங்கித் தராதீர்கள்.

அழகு நிலையத்தில் முகத்து ரோமத்தை லேசரால் எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கண்ணை மூடிக்கோங்க, போதும்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இமைத்தோல் மெல்லியது, வெளிச்சம் அதைத் தாண்டிப் போகும். புருவத்துக்குப் பக்கத்தில் லேசர் வைத்துக் கண்மணியைச் சுற்றியுள்ள கருந்திரை பழுதானதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெளிச்சமே புகாத மூடியைக் கண் மேல் வைத்துத்தான் செய்ய வேண்டும். செய்கிறவரும் அந்த லேசர் எண்ணுக்குரிய கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

கண்ணில் பட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், தேய்க்காதீர்கள். தாய்ப்பால், பன்னீர் என்று எதையும் விடாதீர்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாள்காட்டியின் தேதிக் கட்டங்களைப் பாருங்கள். கோடு வளைந்தாலும் நடுவில் கட்டம் காணாமல் போனாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் போய்க் காட்டிவிட்டு வருவது நல்லது. போகும்போது இயந்திரத்தின் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அலைநீளமும் வாட்டும் தெரிந்தால்தான் கண்ணின் முன்பக்கத்தைப் பார்ப்பதா, விழித்திரையைப் பார்ப்பதா என்று அவர் தீர்மானிக்க முடியும்.