இரண்டு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி

தெருவுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் படிக்கிற காலம் இது. கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாயிடம், வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "கவலைப்படாதீங்க. அங்கே போனதும் பார்ட் டைம் வேலை பார்த்து அதுவே அடைச்சுடும்." அந்தப் பார்ட் டைம் வேலைக்கு ஒரு சட்டம் இருப்பது இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் பெண் ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில் படிக்கிறாள். அவளோடு இரண்டு மாதம் இருந்தபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற நாடுகளில் கணக்கு வேறு.

நம் பத்திரிகை மாதிரியே அங்கேயும் எல்லாம் இரண்டு வாரக் கணக்கு! கல்லூரி நடக்கும் நாட்களில், மாணவ விசாவில் இருப்பவர் 14 நாளில் 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். முன்பு இது 40 மணியாக இருந்தது. கோவிட் சமயம் ஆள் பஞ்சத்தால் 2022 ஜனவரியில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். 2023 ஜூலை 1 முதல் 48 மணி என்று மறுபடி கட்டுப்பாடு வந்தது. கல்லூரி விடுமுறையில் எவ்வளவு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். வகுப்பு தொடங்கும் முன்பு ஒரு மணி நேரம்கூடக் கூடாது.

"அப்போ வாரத்துக்கு 24 மணின்னு சொல்லிட்டுப் போயேன்டி" என்றேன் பெண்ணிடம்.

"அங்கேதாம்மா எல்லாரும் மாட்டிக்கிறாங்க. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புது 14 நாள் ஆரம்பிக்கும்" என்று காலண்டரை எடுத்துவந்து காட்டினாள். முதல் வாரம் 20 மணி, இரண்டாம் வாரம் 28; கூட்டினால் 48, சரி. மூன்றாம் வாரம் 24 பார்த்தால்? இரண்டும் மூன்றும் சேர்ந்து 52. விதி மீறியாகிவிட்டது! இரண்டு கடைகளில் வேலை என்றால் இரண்டின் மணியையும் கூட்ட வேண்டும். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதும் இதற்குள் அடக்கம். என் பெண் சமையலறைக் காலண்டரில் தினம் மணியைக் குறித்து வைக்கிறாள், நாம் பால் கணக்கு எழுதுவதுபோல.

வரம்பு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் கூலி. மாணவர்தானே என்று குறைத்துக் கொடுக்க அங்கே சட்டத்தில் இடமில்லை. 2025 ஜூலை 1-இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24 டாலர் 95 சென்ட். இது ஜூலைக்கு ஜூலை மாறும். விடுப்புச் சம்பளம் இல்லாத தற்காலிக வேலைக்கு அதன் மேல் 25 சதவீதம் கூடுதல். இதற்கும் மேலே முதலாளி தன் கையிலிருந்து 12 சதவீதம் ஓய்வு நிதியில் போட வேண்டும், நம் ஊர் பி.எஃப். மாதிரி. படிப்பு முடிந்து ஒரேயடியாகத் திரும்பும்போது வரி பிடித்ததுபோக மீதியைக் கேட்டு வாங்கலாம். இது தெரியாமலே எத்தனையோ பிள்ளைகள் பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகின்றன.

பெண்ணோடு படிக்கும் மதுரைப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையால் ரசம் சாதம் சாப்பிட வருவான். ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை. முதல் இரண்டு நாள் 'டிரையல்' என்று சம்பளமே இல்லை. பிறகு மணிக்கு 14 டாலர், ரொக்கமாக, ரசீது கிடையாது. இரண்டு வாரத்தில் 60 மணி வரை வேலை வாங்கியிருக்கிறார்கள். கூலியைக் கேட்டபோது, "விசா ஆபீசுக்கு ஒரு போன் போட்டா நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்றாராம் முதலாளி.

"ஏம்ப்பா அங்கேயே இருந்தே?" என்றேன்.

"அம்மா வாராவாரம் போன்ல எவ்வளவு சேர்த்தேன்னு கேப்பாங்க ஆன்ட்டி. இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தத் தாய் மேல் கோபம் வரவில்லை. மாதாமாதம் வட்டி கட்டுகிறவள் வேறு என்ன கேட்பாள்? ஆனால் 48 மணியைத் தாண்டிய பிள்ளையின் குடுமி முதலாளி கையில். குறைந்த கூலி கொடுப்பவர்கள் கூடுதல் மணி கொடுக்கத் தயங்குவதேயில்லை; காரணம் இதுதான். செவன்-இலெவன் கடைகளிலேயே இது நடந்து, 2015-இல் நாடே பேசியது. மாணவர்களை வரம்புக்கு மேல் வேலை வாங்கி, பாதி மணிக்குத்தான் சம்பளம் கொடுத்து, விசாவைச் சொல்லி மிரட்டியிருந்தார்கள். பிறகு அந்த நிறுவனம் 15 கோடி டாலருக்கும் அதிகமாகப் பாக்கிச் சம்பளம் கொடுக்க நேர்ந்தது.

இப்போது சட்டம் பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், விசாவைக் காட்டி வேலைக்காரரை மிரட்டுவது குற்றம். மணி வரம்பை மீறியவர்களும், சுரண்டப்பட்டதற்கு உரிய அமைப்பிடம் சான்று பெற்றால் விசா ரத்திலிருந்து பாதுகாப்புக் கேட்க அதே மாதம் வழி செய்தார்கள். மதுரைப் பையன் தன் டைரியில் தேதியும் மணியும் எழுதி வைத்திருந்தது பெரிய உதவியாயிற்று. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இலவசமாகச் சட்ட யோசனை சொல்கிறார்கள். முதலில் அங்கே போனான். பாக்கியில் ஒரு பகுதி வந்தது. முழுவதும் வரவில்லை. இப்போது ஒழுங்கான கூலிக்கு வேறு வேலை பார்க்கிறான்.

ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் என்ற அரசாங்க அலுவலகம்தான் கூலிப் புகார்களைக் கவனிக்கிறது. எண் 13 13 94. ஆங்கிலம் தடுமாறினால் 131 450-ஐக் கூப்பிட்டு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

கணவரோடு புறப்படும் இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. அவர் படிப்பு மாஸ்டர்ஸ் அல்லது முனைவர் பட்டம் என்றால், அது தொடங்கிய பிறகு உங்களுக்கு மணி வரம்பே இல்லை. வேறு படிப்பு என்றால் உங்களுக்கும் அதே 48 மணி. வேலையில் சேர்ந்ததும் 'டி.எஃப்.என்.' என்ற வரி எண் கேட்பார்கள். இணையத்தில் இலவசமாகவே வாங்கலாம். காசு கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். அதற்குப் பதில் 'ஏ.பி.என்.' எடுத்து வா என்று ஒரு கடைக்காரர் சொன்னால் உஷார்! அது சொந்தத் தொழில் செய்பவருக்கான எண். அதைக் காட்டி உங்களைக் கூலியாளே இல்லை என்று சொல்லி, குறைந்தபட்சக் கூலி, ஓய்வு நிதி எல்லாவற்றையும் தட்டிக் கழித்துவிடுவார்கள்.

சம்பள நாளுக்கு அடுத்த வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும் என்பதும் அங்கே சட்டம். பிள்ளையிடம் போனில் பேசும்போது எவ்வளவு சேர்த்தாய் என்பதற்கு முன்னால், "சீட்டு கொடுத்தாங்களா? எத்தனை மணி போட்டிருக்கு?" என்று கேளுங்கள். கூடவே, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?" என்றும். மூட்டை கட்டும்போது ஊறுகாய் பாட்டிலைக் குறைத்து, வழுக்காத அடியுள்ள கறுப்பு ஷூ ஒரு ஜோடி வையுங்கள். ஹோட்டல் சமையலறைத் தரை எண்ணெய்ப் பிசுக்கு. ஆறு மணி நேரம் நின்ற கால் அதில் வழுக்க ஒரு நொடி போதும்.